சர்க்கார் கப்பலில் போனவர்கள், வேலை பார்த்தவர்கள் வாங்க, பேசுவோம்

நாகூர்க்காரன்:
எம்.வி. சிதம்பரம் என்ற பயணிக் கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போனவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? நான் சின்னப் பையனாக இருக்கும்போது அத்தாவோடு போனேன். கப்பல் கரைக்கே வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், நாம்தான் பெட்டி, பாய், கூஜா, அழுகிற பிள்ளை சகிதம் படகில் போய் அலை மேலே தூக்குகிற நேரம் பார்த்து ஏணியில் காலை வைக்க வேண்டும். அத்தா முதலில் ஏறிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார், செருப்பு ஒன்று கடலோடு போச்சு. பக்கத்திலேயே வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் எங்கள் படுக்கைக்குப் போகும் வழியெல்லாம் அந்த வாடைதான். அது பிரெஞ்சுக்காரர்களுக்காக 1966-ல் கட்டி 'பாஸ்தர்' என்ற பெயரில் ஓடிய கப்பல், நம் அரசாங்கம் 70-களில் வாங்கியது என்றெல்லாம் பெரியவனான பிறகுதான் தெரிந்தது. அரசாங்கத்துக்கு எதற்குக் கப்பல் கம்பெனி என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை, இப்போது கேட்கிறேன்.

பழைய இன்ஜின்ரூம்:
தம்பி, நல்ல கேள்வி. ரெண்டாம் உலகப்போர் முடிந்தபோது நம்மிடம் இருந்த சொந்தக் கப்பல்கள் கொஞ்சநஞ்சம்தான், 1947-ல் 59 கப்பல், 1.92 லட்சம் டன் என்று கணக்கு. வெளிநாட்டுச் சரக்கு அநேகமாக முழுக்க மற்றவன் கப்பலில். வாடகையை எல்லாம் வெள்ளைக்காரக் கம்பெனிகள் 'கான்ஃபரன்ஸ்' என்று கூடி உட்கார்ந்து முடிவு செய்வார்கள், வெளியாள் உள்ளே நுழைந்தால் வாடகையை இறக்கி அவனை ஒழிப்பார்கள். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலுக்கு 1906-க்கு அப்புறம் என்ன நடந்தது என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த அடியைத் தாங்கிக்கொண்டு நிற்கத் தனியார் முதலீடு போதாது, கஜானா வேண்டும்.

அதனால்தான் 1950-ல் அரசும் சிந்தியா என்ற இந்தியத் தனியார் கப்பல் கம்பெனியும் சேர்ந்து ஈஸ்டர்ன் ஷிப்பிங் கார்ப்பரேஷன் தொடங்கினார்கள். 1956-ல் அரசே முழுசாக எடுத்துக்கொண்டது, அதே வருஷம் வெஸ்டர்ன் என்று இன்னொன்றும் வந்தது. ரெண்டையும் 1961 அக்டோபர் 2-ந்தேதி இணைத்ததுதான் ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா. ஆரம்பத்தில் 19 கப்பல்.

நான் சேர்ந்தது பின்னாளில், சரக்குக் கப்பலில். கருங்கடலில் இருந்த சோவியத் துறைமுகம் ஒடெஸாவுக்குப் போவோம். சோவியத்காரர்களோடு ரூபாயிலேயே கணக்கு, டாலர் தேடி அலைய வேண்டாம், அதற்கே நம் கொடி போட்ட கப்பல் அங்கே ஓடியாக வேண்டும். தேயிலை, சணல் கொண்டுபோவோம். குளிர்காலத்தில் டெக்கில் இருக்கும், சரக்குத் தூக்குகிற விஞ்ச் உறைந்து இறுகிப்போகும், நீராவிக் குழாயை இழுத்து வந்து அதன் மேல் பிடிப்போம், உருகி ஓடுகிற தண்ணீர் பத்தடி தள்ளி மறுபடி உறையும். தூத்துக்குடிப் பையன்கள் கையுறையை ரெண்டாகப் போட்டுக்கொண்டும் புலம்புவார்கள். பண்டாரி, அதாவது கப்பல் சமையல்காரர், மிளகு ரசம் வைத்து வாளியோடு மேலே அனுப்பியது இப்போதும் நினைவிருக்கிறது, அந்த ஆளுக்குக் கோயில் கட்டலாம்.

நீங்கள் போன பயணிக் கப்பலில் லாபம் இல்லை என்பது உண்மைதான், விமானக் கட்டணம் இறங்க இறங்க டெக் டிக்கெட் வாங்க ஆள் குறைந்தது, 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்களும் போனபின் அந்தத் தடம் நின்றது. ஆனால் அதை வைத்து மொத்தக் கம்பெனியையும் வெட்டிச்செலவு என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. 1966-ல் ஒரு தனியார் கப்பல் கம்பெனி, ஜெயந்தி ஷிப்பிங், அரசிடம் கடனாக வாங்கிய பணத்தோடு தள்ளாடியபோது அதை எடுத்து நடத்தியது யார்? இதே கார்ப்பரேஷன்தான்.

மருமகள் சொன்னது:
என் மாமியார் ரஜூலாவில் போனதாகச் சொல்வார், அதுவும் சர்க்கார் கப்பலா?

பழைய இன்ஜின்ரூம்:
இல்லைம்மா. ரஜூலா பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல், 1926-ல் கட்டியது. 1973-ல்தான் கார்ப்பரேஷன் வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. அவர் போனது எந்த வருஷம்?