பார்வோவில் போன நாய்க்குட்டிக்குப் பிறகு இன்னொன்று எடுக்கலாமா?

கேள்வி (கானாடுகாத்தான்):
காரைக்குடியில் சாக்கடையோரம் கிடந்த குட்டியை எடுத்து வந்தோம். தேறி, வளவு முழுக்க ஓடி, அப்பத்தா முந்தானையை இழுத்து ஒரே அட்டகாசம். அப்புறம் பார்வோ (நாய்களுக்கு வரும் கொடிய தொற்றுநோய்) வந்து குட்டி செத்துப்போய்விட்டது. அப்பத்தா இன்னும் மதியச் சோற்றில் ஒரு பிடி ஒதுக்குகிறார். இன்னொரு குட்டி கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில் (தேவகோட்டை):
தம்பி, பொறுங்கள். பார்வோ கிருமி மண்ணில் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும். ஆத்தங்குடிக் கல் தரையை பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவலாம் (நிறம் மங்கினால் மங்கட்டும்). தோட்டத்து மண்ணை என்ன செய்வீர்கள்? தடுப்பூசி முடிந்த பெரிய நாயாக எடுங்கள். எங்கள் ஒற்றைக்கண் கிழவி அப்படி வந்தவள்தான். முகப்புத் திண்ணை அவளுக்கே பட்டா!

கேட்டவர்:
அப்பத்தாவுக்குக் குட்டிதான் வேண்டுமாம், அண்ணே.

பதில் (பள்ளத்தூர்):
சரி, குட்டிக்கு 16 வார வயது வரை போட வேண்டிய தடுப்பூசிகளை முடித்துவிட்டுக் கூட்டி வாருங்கள். அதுவரை வேறு வீட்டில் இருக்கட்டும். பழைய தட்டு, சாக்கு எதையும் கொடுக்காதீர்கள்.