ஃபைபர் வள்ளத்துல பேட்டரி சார்ஜ் ஏற மாட்டேங்குது: பேட்டரியை மாத்தணுமா?

உவரி வள்ளம்:
அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். 28 அடி ஃபைபர் வள்ளம், 9.9 குதிரை அவுட்போர்டு. சார்ஜிங் காயில் 12 வோல்ட் 80 வாட்னு மோட்டார் புத்தகத்துல போட்டிருக்கு. காயில் கரன்ட்டை டி.சி.யா மாத்தி வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெக்டிஃபையர் ரெகுலேட்டரும் மாட்டியிருக்கு. பேட்டரி 60 ஏ.எச். (ஆம்பியர்-மணி), தண்ணி ஊத்துற வகை, வாங்கி ஆறு மாசம். உப்புத்தண்ணி படக்கூடாதுன்னு அணியத்து (முன்பக்கத்து) பெட்டிக்குள்ள இருக்கு. மோட்டார்லேருந்து அங்க ஒயர் 7 மீட்டர் ஓடுது.

அதுல ஓடுறது: 10 வாட் எல்.இ.டி. விளக்கு ரெண்டு, ஆழம் காட்டுற எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ்., வி.எச்.எஃப். ரேடியோ. சாயங்காலம் 5 மணிக்கு இறங்கி விடிய 5 மணிக்குக் கரை. கடையில சார்ஜ் போட்டுட்டு வந்தா ரெண்டு நாள் ஓடும். மூணாம் நாள் ராத்திரி 2 மணிக்கெல்லாம் சவுண்டர் அணைஞ்சிடும், விளக்கு மங்கிடும். பேட்டரி போச்சு, மாத்துங்கன்னு சொல்றாங்க. மாத்திடலாமா?

வள்ளியூர் ஒயர்மேன்:
பணத்தை இப்பவே எடுக்காதீங்க. ஒரு மல்டிமீட்டர் போதும். நாலு அளவு சொல்லுங்க.

மோட்டாரை நிறுத்தி, எல்லா சுவிட்சையும் அணைச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு பேட்டரி முனையில எவ்வளவு வோல்ட்? மோட்டாரை முக்கால் திராட்டில்ல ஓடவிட்டு அதே முனையில எவ்வளவு? அதே ஓட்டத்துல ரெக்டிஃபையர் வெளியே விடுற ஒயர்ல எவ்வளவு? நாலாவதுதான் முக்கியம். மீட்டரோட ஒரு முள்ளை ரெக்டிஃபையர் ப்ளஸ்லயும் இன்னொண்ணை பேட்டரி ப்ளஸ்லயும் வைங்க. அப்புறம் அதே மாதிரி மைனஸுக்கு மைனஸ். ப்ளஸ், மைனஸ் ரெண்டையும் தனித்தனியா எடுக்கணும். நீள ஒயர் வேணும், முதலைக் கவ்வி போட்டு இழுத்துக்குங்க.

கரையில வச்சுப் பார்க்கிறதா இருந்தா மோட்டாரை வெறுமன ஓட்டாதீங்க. நல்ல தண்ணி டிரம்முல மோட்டாரோட கீழ்க்காலை இறக்கி, தண்ணி உறிஞ்சுற துளைக்கு மேல தண்ணி நிக்கணும். இல்லேன்னா தண்ணி இறைக்கிற இம்பெல்லர் கருகிடும். டிரம்முல முக்கால் திராட்டில் குடுக்கவும் கூடாது, அந்த அளவைக் கடல்லதான் எடுக்கணும்.

பணகுடி டிராக்டர்:
இதுக்கு எதுக்கு மீட்டர்? மோட்டார் ஓடும்போது பேட்டரி ப்ளஸ் கேபிளைக் கழற்றிப் பாருங்க. விளக்கு எரிஞ்சா சார்ஜிங் நல்லாயிருக்கு.

தூத்துக்குடி அவுட்போர்டு மெக்கானிக்:
அதைச் சொல்லாதீரும் வே. பழைய டைனமோ வண்டியில பார்த்த வித்தை அது. அவுட்போர்டு காயில் காந்தத்துல ஓடுது, சுத்து கூடக் கூட வோல்ட் ஏறிக்கிட்டே போகும். அதைத் தாங்கிப் பிடிக்கிறது பேட்டரிதான். ஓட்டத்துல கேபிளை எடுத்தா வோல்ட் எகிறி ரெகுலேட்டரோ டையோடோ போயிடும், கூடவே சவுண்டரும் ஜி.பி.எஸ்ஸும் போகலாம். லூசா இருக்கிற பேட்டரி முனையும் இதே வேலையைத்தான் செய்யும். ரெகுலேட்டர் அடிக்கடி போகுதுன்னு வர்ற வள்ளத்துல நான் முதல்ல ஆட்டிப் பார்க்கிறது பேட்டரி முனையைத்தான்.

உவரி வள்ளம்:
அளவு எடுத்தாச்சு. நிறுத்தி ரெண்டு மணி நேரம் கழிச்சு 12.1. ஓட்டத்துல பேட்டரியில 12.7. அதே நேரம் ரெக்டிஃபையர்ல 14.3. ப்ளஸ் பக்கம் வித்தியாசம் 0.5, மைனஸ் பக்கம் 1.1. ஒயர் 1 ஸ்கொயர் (சதுர மி.மீ.), வீட்டுக்கு இழுக்கிற ஒயர். நடுவுல ஒரு இடத்துல முறுக்கி டேப் சுத்தியிருக்கு.

வள்ளியூர் ஒயர்மேன்:
அப்போ காயிலும் ரெகுலேட்டரும் நல்லாயிருக்கு. 14.3 வர்ற இடத்துல அதைத் தொடவே வேண்டாம். பேட்டரிக்குப் போய்ச்சேரும்போது 1.6 வோல்ட் வழியில காணாமப் போகுது.

கணக்கு இதுதான். 1 ஸ்கொயர் செம்பு ஒயர் மீட்டருக்கு ஏறக்குறைய 0.018 ஓம். 7 மீட்டருக்கு 0.126. 4 ஆம்பியர் ஓடினா ஒரு பக்கத்துக்கு 0.5 வோல்ட். உங்க ப்ளஸ் பக்கம் சரியா அதுதான் வருது. மைனஸ் பக்கமும் 0.5 வரணும், ஆனா 1.1 வருது. கூடுதல் 0.6 அந்த முறுக்குக்குள்ள இருக்கு. டேப்பைப் பிரிச்சுப் பாருங்க, பச்சையாப் பூத்திருக்கும். உப்பு ஒயருக்குள்ள கம்பி வழியாவே ரெண்டு மூணு அடி ஏறிடும். அதனால முறுக்கை மட்டும் வெட்டி மறுபடி சேர்க்கிறதுல பிரயோசனம் இல்ல.

மொத்தமா 6 ஸ்கொயர் பல இழை செம்பு ஒயர் போடுங்க, ஈயம் பூசினது கிடைச்சா ரொம்ப நல்லது. போக வர 14 மீட்டருக்கு 4 ஆம்பியர்ல 0.2 வோல்ட் தான் போகும். நடுவுல சேர்ப்பே வேண்டாம். முனைக்கு அளவான செம்பு லக் வச்சு அழுத்தி, உள்ள பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுடவச்சுச் சுருக்குங்க. பேட்டரி ப்ளஸ்லேருந்து ஒரு சாணுக்குள்ள 20 ஆம்பியர் ஃபியூஸ். வாசலின் தடவுறது முனையை முறுக்கின பிறகு, மேலால. உள்ள தடவிட்டு முறுக்காதீங்க.

ஒயரைச் சுருக்க இன்னொரு வழி பேட்டரியை அமரத்து (பின்பக்கத்து) பக்கம் கொண்டு வர்றது. ஆனா பெட்ரோல் டேங்க் அங்கதான் இருக்கும். சார்ஜ் ஆகும்போது பேட்டரி ஹைட்ரஜன் விடும், அதனால ரெண்டையும் பக்கத்துல வைக்காதீங்க. அணியத்துலயே இருக்கட்டும். பெட்டிக்கு மேல்பக்கம் காத்துத் துளை மட்டும் விடுங்க.

வண்ணாரப்பேட்டை பேட்டரிக்கடை:
பேட்டரியைப் பற்றி நான் சொல்கிறேன். ஆசிட்டின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்து ஆறு செல்லையும் பாருங்கள். ஐந்து 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.150 காட்டினால் அந்த செல் போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஆறும் ஒரே மாதிரி 1.200 பக்கம் இருந்தால் பேட்டரி நோயாளி இல்லை, பட்டினி. அதை 6 ஆம்பியர் சார்ஜரில் போட்டு, 14.4 வோல்ட்டில் நின்று ஆம்பியர் நன்றாக இறங்கும்வரை விட வேண்டும். ஒரு ராத்திரியில் அவசரமாக இறக்கிவிடக் கூடாது. அரைகுறை சார்ஜிலேயே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு எந்தச் சார்ஜருக்கும் இளகாது.

முழுதாக ஏறியபின் ஒரு சோதனை: 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பை 5 மணி நேரம் எரியவிடுங்கள். ஏறக்குறைய 23 ஏ.எச். செலவாகும். அணைத்து ஒரு மணி நேரம் கழித்து 12.2க்கு மேல் நின்றால் பேட்டரி தேறும். 11.9க்குக் கீழே விழுந்தால் கொள்ளளவு பாதி போய்விட்டது.

தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கடல் தண்ணீர் உள்ளே போனால் குளோரின் வாயு வரும், மூடிய பெட்டிக்குள் அது ஆபத்து. பேட்டரி மேல்பரப்பில் உப்பு ஈரம் நின்றாலும் இரண்டு முனைக்கும் இடையே மின்சாரம் கசியும். மூடிகளை இறுக்கிவிட்டு, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

உவரி வள்ளம்:
ஆறு செல்லும் 1.200லேருந்து 1.210 வரைக்கும்தான். ஒயர் மாத்தியாச்சு. இப்ப ஓட்டத்துல பேட்டரியில 13.9 வருது. இனி ராத்திரி தாங்குமா?

தூத்துக்குடி அவுட்போர்டு மெக்கானிக்:
முழுசாத் தாங்காது. இதை ஒயர் மாத்துறவங்க யாரும் சொல்றதில்ல. 80 வாட்னா 6.6 ஆம்பியர், அதுவும் நல்ல சுத்துல மட்டும். வலை இழுக்கும்போது மெதுவா ஓடுற நேரத்துல ஒண்ணு ரெண்டு ஆம்பியர் வந்தாலே அதிகம். வலை மிதக்கும்போது மோட்டாரே ஓடாது.

கணக்குப் பாருங்க. விளக்கு ரெண்டும் 1.7 ஆம்பியர், 9 மணி நேரம், 15 ஏ.எச். சவுண்டர், ஜி.பி.எஸ்., வி.எச்.எஃப். கேட்குற நிலையில எல்லாம் சேர்ந்து சுமார் 1.6, 12 மணி நேரம், 19 ஏ.எச். மொத்தம் 34. போக வர மூணு மணி நேர ஓட்டத்துல 5 ஆம்பியர்னு வச்சா 15 ஏறும், அதுலயும் கொஞ்சம் சூடாப் போயிடும். ராத்திரிக்கு 20 ஏ.எச். துண்டு விழுது. 60 ஏ.எச். பேட்டரியைப் பாதிக்குக் கீழ இறக்கக் கூடாதுன்னா ரெண்டாம் ராத்திரியே எல்லை. உங்க மூணாம் நாள் கதையோட பாதி இதுதான், மீதி அந்த ஒயர்.

வி.எச்.எஃப். பேசுற நேரம் 25 வாட்டுல 5 ஆம்பியர் பக்கம் இழுக்கும். பக்கத்து வள்ளத்தோட பேச 1 வாட் போதும். வலை போட்டபின் சவுண்டரை அணைங்க.

மணப்பாடு மடை:
லித்தியம் பேட்டரி போட்டா எல்லாம் தீருமே?

தூத்துக்குடி அவுட்போர்டு மெக்கானிக்:
இந்தக் காயிலுக்கு நேரா மாட்டாதீங்க. லித்தியம் காலியா இருந்தா காயில் குடுக்கிறதை எல்லாம் இழுத்துக்கிட்டே இருக்கும், காயிலும் ரெக்டிஃபையரும் சூடாகும். நிறைஞ்சதும் அதோட பாதுகாப்பு போர்டு ஓட்டத்துலயே படக்குன்னு துண்டிச்சா, கேபிளைக் கழற்றுற அதே சேதம். நடுவுல கரன்ட்டைக் கட்டுப்படுத்துற டி.சி. டு டி.சி. சார்ஜர் வேணும். அந்தக் காசுக்கு சோலார் பேனலே வாங்கிடலாம்.

வள்ளியூர் ஒயர்மேன்:
பேனல் 100 வாட் போடுங்க. நல்ல வெயில்ல 5 ஆம்பியர் தாண்டும், ஒரு நாளைக்கு 20 ஏ.எச்.க்கு மேல வரும், துண்டு சரியாப் போச்சு. பகல்ல வள்ளம் கரையேறிக் கிடக்கிற நேரம்தான் வேலை செய்யும், அதனால நிலையா மாட்டாம விரிச்சு வச்சு எடுக்கலாம். மேல ஒரு ஓரத்துல நிழல் விழுந்தாலும் வரத்து பெரிசா விழுந்திடும், வலையை மேல போடாதீங்க. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல 10 ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலர் போதும். மாட்டும்போது முதல்ல பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது முதல்ல பேனல்.

கச்சான் காத்துல (மேற்குக் காத்து) வள்ளம் வாரக்கணக்குல கரையில கிடக்கும்போது மைனஸைக் கழற்றி வைங்க. பேனல் இல்லேன்னா மாசம் ஒரு தடவை சார்ஜ் போடணும்.

உவரி வள்ளம்:
எல்லா சுவிட்சையும் அணைச்சிட்டு மைனஸ்ல மீட்டர் வச்சா 0.18 ஆம்பியர் காட்டுது. அது எங்க போகுது?

வள்ளியூர் ஒயர்மேன்:
ஒவ்வொரு ஃபியூஸாப் பிடுங்குங்க, எதைப் பிடுங்கினதும் 0.18 இறங்குதோ அந்த வழியிலதான் போகுது. வள்ளத்துல பெரும்பாலும் சவுண்டரோட பின்பக்கப் பிளக்குல உப்பு ஈரம், இல்ல நேரா பேட்டரியில கட்டின ஜி.பி.எஸ். ஒரு பகலுக்கு 2 ஏ.எச். தின்னும். அந்த ஒயரை சுவிட்சுக்குப் பின்னால மாத்திக் கட்டுங்க.