சொந்தத் தேங்காய்ப் பருப்பைச் செக்குல ஆட்டி வாங்கறதுக்கும் தடை இருக்குதுங்களா?

நொய்யல்கரை எழுதியது:

காங்கயம் பக்கம் செக்குக் கடைல கேன் கொண்டுபோனா இப்பவெல்லாம் எண்ணெய் ஊத்தித் தர மாட்டேங்கறாங்க. பாக்கெட் போடாமச் சில்லறையா வித்தா அபராதம்ங்கறாங்க. சொந்தப் பருப்பைக் கொண்டுபோய் ஆட்டிக்கறதும் இதுல வருதுங்களா? 10 கிலோவுக்கு எவ்வளவு எண்ணெய் நிக்கும்? இன்னொன்னும் கேக்கணும். இயற்கை உணவுக் குழுவுல ரீஃபைண்டையும் ரேஷன் பாமாயிலையும் அடியோட தடை பண்ணச் சொல்லி மனுவுக்குக் கையெழுத்து வாங்கறாங்க. போடலாங்களா?

வாகைமரச்செக்கு எழுதியது:

தடை விற்பனைக்குத்தாங்க. உங்க பொருளுக்கு நீங்க ஆட்டுக்கூலி குடுக்கறது விற்பனை ஆகாது. கூலி ரசீதுல "வாடிக்கையாளர் கொண்டுவந்த பருப்பு, இத்தனை கிலோ" என்று எழுதி வாங்கிக்கோங்க. செக்குக்காரருக்கும் அது பாதுகாப்பு.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்கணும். 1998ல டெல்லில கடுகெண்ணெயில பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து 60க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அந்த வருசமே சமையல் எண்ணெய் பேக்கிங் ஆணை வந்தது. பிறகு 2011 உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையிலயும் அதே தடை. பிரம்மதண்டு விதை கடுகு மாதிரியே இருக்கும், அதனால கடுகுல கலந்தா கண்ணுக்குத் தெரியாது. தேங்காய்ப் பருப்புல அதைக் கலக்க வழியே இல்லை. வடக்க நடந்த கலப்படத்துக்கு, கண்ணு முன்னால பருப்பைப் போட்டு ஆட்டித் தர்ற செக்கையும் சேர்த்துக் கட்டிப்போட்டது சரியில்லீங்க. பொது நலன் கருதி விலக்குக் குடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கு. மனு எழுதறவங்க அதைக் கேட்டு எழுதலாம்.

அளவு: நல்லா காஞ்ச பருப்பு 10 கிலோவுக்கு சுமார் 6 கிலோ எண்ணெய் நிக்கும். நிலக்கடலைப் பருப்பும் எள்ளும் 10 கிலோவுக்கு 4 லிட்டர் அளவுல. எள்ளுக்குக் கருப்பட்டி அரைக் கிலோவாவது வேணும், அந்த ஈரப்பசைலதான் மாவு இறுகி எண்ணெய் பிரியும். புண்ணாக்கு யாருக்குன்னு முன்னாலயே பேசிடுங்க. சில இடத்துல கூலிக்குப் பதிலா அதை எடுத்துக்குவாங்க.

கெட்டுப்போறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். பருப்புல ஈரப்பதம் 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒடிச்சா படக்குனு முறியணும், வளைஞ்சா இன்னும் ரெண்டு நாள் களத்துல போடுங்க. பால் மாதிரி வெளுத்து, தீக்குச்சி கருகின வாசம் வந்தா கந்தகப் புகை போட்டது, எடுக்காதீங்க. செக்குல முன்னாடி ஆட்டினவங்களோட மிச்சம் கொஞ்சம் நிக்கும். கடலை ஒவ்வாமை இருக்கற வீடுன்னா முன்னால என்ன ஆட்டினாங்கன்னு கேக்காம பருப்பைப் போடாதீங்க. ரெண்டு வீடு சேர்ந்து செக்கு நிறையற அளவு கொண்டுபோனா உங்க எண்ணெய் செக்குல ஒட்டி நிக்கற சேதாரமும் குறையும். ஆட்டினதும் எவர்சில்வர் பாத்திரத்துல துணி கட்டி மூணு, நாலு நாள் தெளிய விடுங்க. அடிக்கசடோட ஊத்தி வெச்சா சீக்கிரம் காறல் அடிக்கும்.

பவானிக்கூடுதுறை எழுதியது:

மனு விசயத்துக்கு வரேன். கையெழுத்துப் போடாதீங்க.

பாமாயில்ல நிறைவுற்ற கொழுப்பு அதிகம்ங்கறதுதான் அவங்க சொல்ற பெரிய காரணம். அது ஏறக்குறைய பாதி. தேங்காயெண்ணெயில சுமார் 90 சதவீதம். அந்தக் கணக்குல தடை போட ஆரம்பிச்சா முதல்ல போறது நம்ம ஈரோட்டுப் பக்கம் அவல்பூந்துறை, பெருந்துறை ஏலத்துக்கு வர்ற தேங்காய்ப் பருப்புதான். ரீஃபைண்டுல ஹெக்சேன், அதாவது எண்ணெய் பிரிக்கப் பயன்படுத்தற கரைப்பான், மிச்சம் இருக்குன்னும் எழுதியிருப்பாங்க. அதுக்கு 5 பிபிஎம் (பத்து லட்சத்துல 5 பங்கு) உச்சவரம்பு சட்டத்துலயே இருக்கு. மீறினா அந்தக் கம்பெனி மேல வழக்குப் போடட்டும், வாங்கறவங்க கையைப் பிடிக்க வேண்டாம்.

கடலை எண்ணெயில ஒரு உண்மை சொல்லியாகணும். பூஞ்சை பிடிச்ச கடலைல அஃப்ளாடாக்சின்ங்கற நச்சு வரும். ரீஃபைன் பண்றப்ப அது பெருமளவு போயிடும், செக்கெண்ணெயில போகாது. அதனால செக்கு வேணும்ங்கறவங்க சுருங்கினது, நிறம் மாறினது, சொத்தையைப் பொறுக்கி எறியணும். பலகாரம் நிறையச் சுடறவங்களுக்கு ரீஃபைண்டு தோதா இருக்கும். செக்கெண்ணெய் சீக்கிரம் புகையும், கசடு இருந்தா நுரைச்சுப் பொங்கும். ரேஷன்ல லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கற பாமாயில்லதான் எத்தனையோ வீட்டுல தாளிக்கறாங்க. அவங்க வாணலில என்ன ஊத்தணும்னு, செக்கெண்ணெய் வாங்க வசதி இருக்கறவங்க முடிவு பண்றது ரொம்பத் தப்புங்க. ரேஷன்ல தேங்காயெண்ணெயும் குடுங்கன்னு விவசாயிங்க கேக்கறாங்களே, அது நியாயம். கூட ஒன்னு சேர்த்துக் கேக்கறாங்க, இருக்கறதைப் பிடுங்கச் சொல்லலை.

சிறுவாணி எழுதியது:

பாக்கெட் வாங்கறவங்களுக்கும் சேர்த்து ஒன்னு. தேங்காயெண்ணெயைக் கண்ணாடி டம்ளர்ல ஊத்தி ஃபிரிட்ஜ்ல அரை மணி நேரம் வைங்க, ஃப்ரீசர்ல வேண்டாம். சுத்தமானது முழுசா உறையும். வேற எண்ணெய் கலந்திருந்தா உறையாம மேல தனியா நிக்கும். ஆனா பாம் கர்னல் எண்ணெய் (பாமாயில் பழத்தோட கொட்டைல எடுக்கறது) இதுல மாட்டாது, அதுவும் கூடவே உறைஞ்சிடும். ஆய்வகத்துல அயோடின் மதிப்பு, அதாவது நிறைவுறாத கொழுப்பு எவ்வளவுன்னு காட்டற எண், பாத்தாத்தான் தெரியும். தேங்காயெண்ணெய்க்கு 7.5ல இருந்து 10 வரைக்கும் இருக்கணும், அதைத் தாண்டினா சந்தேகம்தான்.

அப்படி ஆய்வுக்கு அனுப்ப 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40வது பிரிவு வாங்கறவங்களுக்கே உரிமை குடுக்குது. வாங்கறப்பவே கடைக்காரர்கிட்ட "இதை ஆய்வுக்கு அனுப்பப் போறேன்" என்று சொல்லிடணும், இதை விட்டுட்டா அந்தப் பிரிவுல நிக்காது. கட்டணம் கட்டணும், தரம் தப்புன்னு அறிக்கை வந்தா திரும்பக் கிடைக்கும். கோயமுத்தூர்லயும் சேலத்துலயும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கு. அரசாங்கம் இந்த வேலையை முடுக்கிவிட்டாலே கலப்படக்காரன் மாட்டுவான், கேன் தூக்கிட்டு வர்றவங்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

நொய்யல்கரை எழுதியது:

ரொம்ப நன்றிங்க. கூலி ரசீது பத்தி யாருமே சொன்னதில்லை. பாக்கெட்டுல ஒரு லிட்டர்னும் 910 கிராம்னும் ரெண்டும் போட்டிருக்கே, எதைப் பாக்கறது?

வாகைமரச்செக்கு எழுதியது:

எடையைப் பாருங்க. சூட்டுல எண்ணெய் விரியும், லிட்டர் மாறும், எடை மாறாது. ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய் 910 கிராமுக்குப் பக்கத்துல வரும், ஒரு கிலோன்னா ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு கடை விலையை ஒப்பிடறப்ப ரெண்டையும் கிலோவுக்கு மாத்திட்டு ஒப்பிடுங்க. ஆட்டி முடிச்சு வாங்கறப்பவும் கேனை வெறுமையா ஒரு தடவை எடை போட்டுட்டு அப்புறம் ஊத்தச் சொல்லுங்க.