தகரக் கூரை, சுடுதண்ணி ஷவர்: பாத்ரூமுக்கு எந்த லைட் போடலாம்?

நோர்வூட் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துல இருந்து தனி வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம் ஆகுது. பாத்ரூம் வீட்டோட ஒட்டினாப்பல, 5 அடிக்கு 6 அடி. மேலே தகரம், சீலிங் அடிக்கல. நடுவுல ஒரு வயர் தொங்குது, நுனியில பின் பல்ப் ஹோல்டர். ஷவர், கரண்டுல உடனே சூடாகிற வகை. இங்க இருக்கிற குளிருக்கு அது இல்லாம மாமியால குளிக்க ஏலாது. காலையில ரெண்டு பேர் குளிச்சு முடிச்சா ஆவியில எதிர்ச் சுவர் தெரியாது.

பல்ப் அடிக்கடி போகுது. ஹட்டன்ல ஹார்ட்வெயார் கடையில கண்ணாடிக் கிண்ணம் போட்ட லைட் ஒன்னு அழகா இருந்திச்சு. ஆனா கடைக்காரத் தம்பி, தண்ணி தாங்கற குறியீடு ஐபி 44 எழுதினதை எடுங்க டீச்சர்னு வேற ஒன்ன காட்டினார். விலை ரெண்டு மடங்கு. எங்க வீட்டுக்காரர் என்னடான்னா 18 வாட் டேலைட் பல்ப் ஒன்ன மாட்டினா வேலை முடிஞ்சிதுங்கிறார். மாமிக்கு அந்த வெள்ளை வெளிச்சத்துல கண் கூசுது. எதை வாங்கறது?

இன்னொன்னு. சுவிட்ச் உள்ளேயே, ஷவருக்கு எதிர்ல. அணைச்ச பிறகும் பல்ப் மங்கலா மினுங்கிக்கிட்டே இருக்கு. ஈரக் கையால போட்டா சுருக்குங்குதுன்னு மாமி சொல்றாங்க. எனக்கு அப்படி எதுவும் தெரியல. நான் செருப்போடதான் போவேன்.

பெக்டரி வயர்மேன்:

டீச்சர், லைட் வாங்கறத ஒரு கிழமை தள்ளிப் போடுங்க. நீங்க கடைசியா, போற போக்குல எழுதினதுதான் முதல்ல பார்க்க வேண்டியது. மாமி சொல்றது நெசம். வெறுங்காலோட ஈரத் தரையில நிக்கிற ஆளுக்குத்தான் அது முதல்ல தெரியும். உங்க ரப்பர் செருப்பு உங்களுக்கு அதை மறைக்குது, அவ்வளவுதான். இப்பவே அந்த லைட்டுக்கும் ஷவருக்கும் போற பிரேக்கரை இறக்கிடுங்க. ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் பெட்டரி லாந்தர், அடுப்புல காய்ச்சின தண்ணி.

அணைச்ச எல்இடி மினுங்கறதுக்கு காரணம் ஒன்னு மட்டுமில்ல. உங்க சுவிட்ச்ல சிவப்புப் புள்ளி எரியுதா? அப்படின்னா அந்தப் புள்ளி வழியா ஓடற துளி கரண்டே பல்பை மினுங்க வைக்கும், பயமில்ல. பக்கத்துல ஓடற வயர்ல இருந்து கசியறதும் உண்டு. ஆனா சுவிட்சை கரண்டு வர்ற லைவ் வயர்ல போடாம, அது திரும்பிப் போற நியூட்ரல் வயர்ல போட்டிருந்தாலும் இதேதான் நடக்கும். அப்ப சுவிட்ச் அணைச்சிருக்கும், ஹோல்டர்ல 230 வோல்ட் நிக்கும். அணைச்சாச்சேன்னு நம்பி ஸ்டூல்ல ஏறி பல்ப் கழட்டறவர் கதி என்னவாகும்? நம்ம பக்கம் கைக்கு வந்தபடி வயரிங் செஞ்ச வீடுகள்ல இதை நான் நிறைய பார்த்திருக்கேன்.

அடுத்தது தகரம். அடுத்த முறை யாராவது குளிச்சு வந்த உடனே ஒரு டோர்ச்சை மேலே அடிச்சுப் பாருங்க. ஆவி குளிர்ந்த தகரத்துல பட்டு முத்து முத்தா நிக்கும். ரெண்டு முத்து சேர்ந்ததும் கனம் தாங்காம சரிவுல ஓடி, கூரை வளை மரத்துல வயர் கட்டின இடத்துக்கு வரும். அங்கயிருந்து வயரைப் பிடிச்சே இறங்கி நேரா ஹோல்டருக்குள்ள. பல்ப் போறதுக்கு பாதிக் காரணம் இதுதான், கம்பனியைத் திட்டி பிரயோசனமில்ல. வயர் எந்தப் பெட்டிக்குள்ள நுழைஞ்சாலும் நுழையறதுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு விட்டு மேலே ஏத்தணும். தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். காசு செலவில்லாத வேலை, ஆனா யாரும் செய்யறதில்ல.

இனி ட்ரிப் சுவிட்ச், அதாவது கரண்டு கசிஞ்சா தானா விழுந்து கரண்டை நிறுத்தற சாமான். போர்டுல இருக்கா, இருந்தா அதுல 30 எம்ஏ-ன்னு (மில்லி அம்பியர், அம்பியர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) எழுதியிருக்கான்னு பாருங்க. 100, 300-ன்னு இருந்தா அது தீப்பிடிக்காம பார்க்கிறதுக்கு, ஆளைக் காப்பாத்தறதுக்கில்ல. பியூஸ் இருக்கேன்னு சிலர் சொல்வாங்க. 5 அம்பியர் பியூஸ் எரியறதுக்கு 5 அம்பியருக்கு மேல வேணும். ஒரு மனுசன் உடம்புக்கு அதுல நூத்தியம்பதுல ஒரு பங்கே அதிகம். மண்ணுல அடிச்ச எர்த் ராட் இருக்கேன்னும் சொல்வாங்க. நம்ம மலையில கல்லும் சரளையுமா இருக்கிற மண்ணுல ராட் சரியா பிடிக்காது. எர்த் 50 ஓம் காட்டுதுன்னு வைங்க, லைவ் நேரா எர்த்ல பட்டாலும் 4.6 அம்பியர்தான் ஓடும், பியூஸ் அசையாது. அதனாலதான் எர்த்தும் வேணும், 30 எம்ஏ ட்ரிப்பும் வேணும். ட்ரிப் சுவிட்ச்ல டி-ன்னு போட்ட டெஸ்ட் பொத்தானை மாசம் ஒருக்கா அமுக்கிப் பாருங்க. விழலன்னா அது செத்த சாமான்.

லைட் எங்க வைக்கிறதுங்கிறதுக்கு வருவோம். உலகத்துல பல நாடு பின்பற்றற வயரிங் விதியில, ஐஇசி 60364, குளிக்கிற இடத்தை வட்டாரம் வட்டாரமா பிரிச்சிருக்கு. தொட்டி இல்லாத ஷவர்னா, தண்ணி வர்ற இடத்துல இருந்து 1.2 மீட்டர் சுத்தி, தரையில இருந்து 2.25 மீட்டர் உயரம் வரைக்கும் நனையிற வட்டாரம். 1.2 மீட்டர்னா 4 அடி. உங்க அறையே 5 அடிக்கு 6 அடி! ஷவர் சுவர் நடுவுல இருந்தா பாதி அறைக்கு மேல அதுக்குள்ள வந்திடும். அந்த வட்டாரத்துல குறைஞ்சது ஐபிஎக்ஸ் 4 லைட்தான். கடைக்காரத் தம்பி சரியாத்தான் சொல்லியிருக்கார். ஐபி-க்குப் பிறகு வர்ற ரெண்டாவது இலக்கம்தான் தண்ணிக்கு, முதல் இலக்கம் சொல்லாத இடத்துலதான் எக்ஸ். 4-ன்னா எந்தப் பக்கம் தெறிச்சாலும் தாங்கும், 5-ன்னா பீச்சி அடிச்சாலும் தாங்கும். ஹோஸ் பிடிச்சு சுவர் கழுவற பழக்கம் இருந்தா ஐபி 65 எடுங்க. சுவிட்ச் கதவுக்கு வெளியே போகணும், இதுல பேச்சே இல்ல.

வெலிமடை அக்கா:

வயர்மேன் அண்ணன் சொன்னதுக்கு மேல கரண்டு பக்கம் எனக்கு பேச ஒன்னுமில்ல. நான் தங்கற ஆட்களுக்கு அறை விடுறவ, வெளிச்சத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

18 வாட் வேணவே வேணாம். அந்த அளவு அறைக்கு 7 இல்லாட்டி 9 வாட் எல்இடி தாராளம். 9 வாட்லயே 800 லூமென் கிட்ட வெளிச்சம் வரும். டேலைட்ங்கிறது 6500 கெல்வின் (வெளிச்சத்தோட நிற அளவு, குறையக் குறைய மஞ்சள்), வெள்ளை டைல்ல பட்டுத் திரும்பினா வயசான கண்ணுக்கு ஊசி குத்தும். மாமிக்காக 3000 எடுங்க, முகம் பார்த்து சவரம் பண்ற ஆள் வீட்ல இருந்தா 4000. பெட்டியில கெல்வின் போட்டிருக்கும், வாங்கறப்ப அதைத் திருப்பிப் பாருங்க, மஞ்சள் வெள்ளைன்னு கடைக்காரர் வாயால கேட்டா ஆளுக்கொன்னு சொல்வாங்க.

அந்த அழகான கண்ணாடிக் கிண்ணம் எங்க வீட்லயும் இருந்திச்சு. விளிம்புல ரப்பர் வளையம் இல்லாததுன்னா ஆவி உள்ள போயிரும், வெளிய வராது. கிண்ணத்துக்கு அடியில ஒரு விரல் உயரத்துக்கு தண்ணி, அதுல ரெண்டு கொசு. மூடின கிண்ணத்துக்குள்ள பெரிய வாட் பல்ப் போட்டா சூடு போக வழியில்லாம சீக்கிரம் செத்துப் போகும், எல்இடிக்கு எதிரியே சூடுதான். பழைய டியூப் லைட்டை எடுத்து மாட்டலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. தை மாசத்துக் குளிர்ல அது பத்தறதுக்குள்ள மாமி குளிச்சே முடிச்சிருவாங்க.

முகம் பார்க்கிற கண்ணாடிக்கு தலைக்கு மேல மட்டும் லைட் வெச்சா கண்ணுக்கடியில நிழல் விழும். ரெண்டு பக்கமும் முக உயரத்துல வைக்கிறதுதான் அழகு. உங்க அறைக்கு அது ஆடம்பரம், விடுங்க. அதுக்குப் பதிலா ராத்திரியில மாமி எழும்பி வர்ற நடையில ஒரு சின்ன லைட் போடுங்க. இருட்டுல இருந்து திடீர்னு பளீர் வெளிச்சத்துக்குள்ள வந்தாத்தான் கால் தடுமாறும்.

நோர்வூட் டீச்சர்:

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. பிரேக்கரை இறக்கிட்டேன். இவர் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கார், மாமி மட்டும் நான் அப்பவே சொன்னேனேன்னு சிரிக்கிறாங்க. ட்ரிப் சுவிட்ச் இருக்கு, 30 எம்ஏதான். ஆனா பொத்தானை அமுக்கினா ஒன்னும் ஆகல. சுவிட்ச்ல சிவப்புப் புள்ளியும் இல்ல.

பெக்டரி வயர்மேன்:

அமுக்கும்போது போர்டுக்கு கரண்டு வந்துக்கிட்டு இருந்திச்சா? கரண்டு இல்லாதப்ப அந்தப் பொத்தான் வேலை செய்யாது. கரண்டு இருந்தும் விழலன்னா மாத்துங்க, திறந்து சரி பண்ற சாமான் இல்ல அது. என்விகியூங்கிற தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ள வயரிங் பாஸ் (மேஸ்திரி) ஒருத்தரைக் கூப்பிட்டு மூனு வேலை சொல்லுங்க: ட்ரிப் மாத்தறது, லைட் சுவிட்சை வெளியே எடுத்து லைவ்ல போடறது, ஷவர் ஹீட்டருக்கு எர்த் வயர் வந்திருக்கான்னு மூடியைக் கழட்டிப் பார்க்கிறது. எர்த்தை மீட்டர் வெச்சு அளக்கச் சொல்லுங்க. மழை நாள்ல அளந்தா மண் ஈரமா இருந்து நல்ல கணக்கு காட்டும், மாசி பங்குனி வெயில்ல இன்னொரு தடவை அளக்கணும். பழைய வயர்னா சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதுசுல பிரவுனும் நீலமும். நிறத்தை நம்பி யாரையும் கை வைக்க விடாதீங்க, டெஸ்டர் போட்டுப் பார்க்கட்டும்.

லிந்துலை தம்பி:

அண்ணே, குறுக்க வர்றேன். எங்க லயத்துல பாத்ரூம் வெளிய, வயர் இழுக்க இடமில்ல. சோலார்ல ஓடற 12 வோல்ட் லைட் போடலாமா?

பெக்டரி வயர்மேன்:

தாராளமா போடுங்க தம்பி, உங்களுக்கு அதுதான் நல்லது. அந்த 12 வோல்ட் உடம்பை ஒன்னும் பண்ணாது. பெட்டரியும் சார்ஜரும் நனையாத இடத்துல, குளிக்கிற சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். வீட்டுக் கரண்டுல இருந்து 12 வோல்ட் எடுக்கிறதா இருந்தா அடப்டரை உள்ள கொண்டு போகாதீங்க, அதோட வாய்ப் பக்கம் 12 வோல்ட்னாலும் வால் பக்கம் 230 தான். கரண்டு போனா தானா எரியற பெட்டரி பல்பை மூடின கிண்ணத்துக்குள்ள போடற யோசனை இருந்தா அதையும் விட்டுடுங்க, உள்ள இருக்கிற பெட்டரிக்கு அந்தச் சூடு ஆகாது. லைட்டோட உடம்புல ஐபி 65 போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. வெளிய நிக்கிற பாத்ரூம்னா சாரல் எந்தப் பக்கத்துல இருந்து அடிக்கும்னு உங்களுக்கே தெரியும்.