புதுப்பிப்பு: பெரியப்பாவின் ஒட்சிசனும் வயிற்று ஊசியும்

கொவிட்டோடு யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலை விடுதியில் இருக்கும் பெரியப்பாவுக்கு இரத்தத்தில் ஒட்சிசன் 88 சதவீதம், மூச்சுத்திணறலோ இல்லை. வயிற்றில் ஊசி எதற்கு என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் கிடைத்துவிட்டது. அது எனொக்சாபரின்; இரத்தம் உறைவதைத் தடுப்பது. வைரஸ் இரத்தக்குழாய்களின் உட்சுவரையும் அழற்சிக்குள்ளாக்குகிறது. அதோடு படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் கட்டியாகலாம். அது நுரையீரலில் போய் அடைத்தால் ஒட்சிசன் இன்னும் இறங்கும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் உடனே சொல்லச் சொன்னார் வைத்தியர்.

மூச்சு முட்டாமலே ஒட்சிசன் குறைவதுதான் இந்த நோயின் கள்ளத்தனம். "எனக்கு ஒன்றுமில்லை, தம்பி" என்று ஒட்சிசன் முகக்கவசத்தைக் கழற்றப் பார்க்கிறார், பிடிவாதக்காரர். குப்புறப் படுக்கவைத்ததும் 93க்கு ஏறியது.

அஸ்பிரினும் கொடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம், இரத்தக்கசிவு வரலாம். ஊசி போட்ட இடத்தில் நாணயமளவு நீலம் பாரித்திருக்கிறது. அது வழமையாம், தேய்க்கக் கூடாதாம்.