மறு: முரண்டு பிடிக்கும் ஸ்பீக்கருக்கு என்ன சொல்? – மின்னிழுப்பு, ஈடுகொடுதிறன்

குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த எல்லா மடல்களையும் நேற்று இரவு உட்கார்ந்து படித்து முடித்தேன். ஆம்ப்ளிஃபையரைத் திணறவைக்கும் ஸ்பீக்கரை ஆங்கிலத்தில் 'டிஃபிகல்ட் லோட்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி. பழைய ஆம்ப்ளிஃபையருக்குப் பொருத்தமான ஸ்பீக்கர் தேடும் பலருக்கும் இந்தச் சொல் தேவைப்படுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'கடினச் சுமை' என்றே வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்திலும் அப்படித்தானே இருக்கிறது.

ஐயா, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. 'கடினம்' என்ற ஒரே சொல்லுக்குள் ஆங்கிலத்தில் இரண்டு வேறு சங்கதிகளைத் திணித்து வைத்திருக்கிறார்கள். பி.பி.சி. 1970களில் உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் உணர்திறன், அதாவது ஒரு வாட்டுக்கு அது எழுப்பும் ஒலியின் அளவு, 82, 83 டெசிபல்தான். 92 டெசிபல் தரும் ஸ்பீக்கர் ஒரு வாட்டில் எழுப்பும் ஒலியை எழுப்ப இதற்குக் கிட்டத்தட்ட பத்து வாட் வேண்டும். ஆனால் தொடக்க கால எல்.எஸ். 3/5ஏயின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ், மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) 15 ஓம். மின்னோட்டம் அதிகம் கேட்காது. போதுமான வாட் இருந்தால் பழைய ஆம்ப்ளிஃபையரும் அதோடு நிம்மதியாக ஓடும்.

இதற்கு நேர் எதிர் 1957இல் வந்த குவாட் நிறுவனத்தின் நிலைமின் (எலக்ட்ரோஸ்டேடிக்) ஸ்பீக்கர். அது ஒரு பெரிய மின்தேக்கி (கெப்பாசிட்டர்) போலத்தான் நடந்துகொள்ளும். சுருதி ஏற ஏற மின்மறுப்பு இறங்கி, உச்சத்தில் 2 ஓமுக்குப் பக்கத்தில் போய்விடும். இரண்டையும் 'கடினம்' என்று சொல்லிவிட்டால், வாங்கப் போகிறவருக்கு வாட் வேண்டுமா, மின்னோட்டம் வேண்டுமா என்பது தெரியாமலே போய்விடும். முதல் வகைக்கு 'உணர்திறன் குறைவு' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. நமக்குச் சொல் இல்லாதது இரண்டாவது வகைக்குத்தான்.

இன்னொரு நண்பர் 'மின்பசி' என்று எழுதியிருந்தார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்.எஸ். 3/5ஏக்கும் பசிதானே? அதே குழப்பம் மறுபடியும் வந்துவிடும்.

சரி, என் யோசனைக்கு வருகிறேன். இது எனக்கு நூலகத்தில் கிடைத்ததல்ல, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சந்து ஒன்றில் கிடைத்தது.

என்னிடம் 1970களின் ஜப்பானிய ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக இருக்கும் பெட்டி) ஒன்று இருக்கிறது. சேனலுக்கு 45 வாட். மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. அதைப் புதிதாக வாங்கிய ஸ்பீக்கரோடு சேர்த்து, ஒரு மங்கல இசை ரெக்கார்டைப் போட்டேன். நாதஸ்வரம் மட்டும் தனித்து வரும் இடங்களில் குறையே இல்லை. தவிலின் தொப்பிப் பக்கம் பலமாக விழுந்ததும் உள்ளே பாதுகாப்புக்காக இருக்கும் ரிலே சுவிட்ச் டக்கென்று விழுந்து ஒலி நின்றுவிட்டது. ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது என்றே நினைத்து, துணியில் சுற்றி ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தவர் ஸ்ரீராம்புரத்துத் தமிழர். வயது எழுபது இருக்கும். ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் மின்தடை ஒன்றைக் கட்டி அரை மணி நேரம் ஓடவிட்டார். ரிலே அசையவில்லை. அப்புறம் ஸ்பீக்கரையும் கொண்டுவரச் சொல்லி அளந்து பார்த்துவிட்டு, "சார், ஆம்ப்புல கோளாறு இல்ல. இந்தப் பாக்ஸ் எக்கச்சக்கமா கரண்ட் இழுக்குது. இது ஈடுகொடுக்க மாட்டேங்குது" என்றார்.

அந்த இரண்டு வினைகளையும் பாருங்கள். ஸ்பீக்கர் இழுக்கிறது, ஆம்ப்ளிஃபையர் ஈடுகொடுக்கிறது. யார் என்ன செய்கிறார்கள் என்பது பிசகாமல் வந்துவிட்டது.

கணக்கும் அதையே சொல்கிறது. 8 ஓமில் 45 வாட் என்றால் ஏறத்தாழ 19 வோல்ட், 2.4 ஆம்பியர். என் ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்றுதான் அச்சடித்திருந்தது. அடிச்சுருதியில் அவர் அளந்தபோது 3.2 ஓம் காட்டியது. அதே 19 வோல்ட்டுக்கு இப்போது 5.9 ஆம்பியர் வேண்டும். பன்னாட்டுத் தரத்தின்படி 8 ஓம் என்று குறித்த ஸ்பீக்கர் 6.4 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் சந்தையில் பல பெட்டிகள் இதை மதிப்பதில்லை. போதாக்குறைக்குக் கட்ட வேறுபாடு வேறு சேர்ந்துகொள்ளும். மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்காதபோது, வெளியீட்டு டிரான்சிஸ்டர்களில் கூடுதல் சூடு இறங்குகிறது. ஐம்பது வயதான டிரான்சிஸ்டரைப் போய் இப்படி வாட்டுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே ஸ்பீக்கரின் பக்கத்துக்கு மின்னிழுப்பு. மின்மறுப்பு எவ்வளவு தாழ்கிறது, கட்டம் எவ்வளவு விலகுகிறது என்ற இரண்டையும் சேர்த்துக் குறிக்கும் சொல். வீட்டில் ஏ.சி. 'கரண்ட் இழுக்குது' என்று எல்லோரும் சொல்வதால் விளக்கம் தேவைப்படாது. 'இழுப்பு' என்றால் மூச்சிழுப்பு நினைவுக்கு வரும் என்று ஒருவர் தயங்கலாம். முன்னால் 'மின்' வந்ததும் அந்தத் தயக்கம் போய்விடும் என்று நம்புகிறேன்.

ஆம்ப்ளிஃபையரின் பக்கத்துக்கு முதலில் 'தாங்குதிறன்' என்று எழுதிப் பார்த்தேன். ஒரு ஸ்பீக்கர் கருகாமல் எத்தனை வாட் ஏற்கும் என்பதற்கு அந்தச் சொல்லை விட்டுவைப்பதே நல்லது. 'ஈடு' என்பதோடு 'திறன்' சேர்த்தால் இலக்கணப்படி 'ஈட்டுத்திறன்' என்றாகும். அதைப் படிப்பவர் சம்பாதிக்கும் திறன் என்று எடுத்துக்கொள்வார். அதனால் வினைத்தொகையாக ஈடுகொடுதிறன் என்கிறேன். ஏழே எழுத்து, சந்திச் சிக்கல் கிடையாது. ஈடு என்ற சொல்லில் சமம், பொருத்தம் இரண்டும் இருக்கின்றன. இரண்டு கருவிகளைப் பொருத்துவது பற்றிய பேச்சுக்கு இதைவிட நெருக்கமான வேர்ச்சொல் எனக்குத் தோன்றவில்லை.

> வாட் எண்ணே போதுமே, தனியாக ஒரு திறன் எதற்கு?

போதாது, அம்மா. அமெரிக்க வணிக ஆணையம் 1974இல் விதி கொண்டுவந்த பிறகு, மிகைப்படுத்திய வாட் விளம்பரங்கள் அங்கே அடங்கின. ஆனால் பழைய ரிசீவர்களின் அட்டையில் இருக்கும் எண் பெரும்பாலும் 8 ஓமுக்கானது மட்டுமே. 3 ஓமில் அது என்ன செய்யும் என்பதை அந்த எண் சொல்லாது. 1978இல் வந்த நாட் 3020 என்ற ஆம்ப்ளிஃபையருக்குச் சேனலுக்கு வெறும் 20 வாட்தான். ஆனால் தாழ்ந்த மின்மறுப்புக்கும் அசராமல் மின்னோட்டம் தரும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். அந்தப் பெயர் அதற்கு இன்றும் நிலைத்திருக்கிறது. வாட் குறைவு, ஈடுகொடுதிறன் அதிகம் என்று ஒரே வரியில் இப்போது சொல்ல முடிகிறதல்லவா?

பழைய கருவிக்கு இன்னொன்றும் உண்டு. மின்வழங்கியில் உள்ள பெரிய மின்தேக்கிகள் காலப்போக்கில் உலர்ந்து போகும். அப்போது வாட் அளவில் பெரிதாகத் தெரியாத குறை, தவில் அடி போன்ற திடீர் இழுப்பில் வெளிப்பட்டுவிடும். 'மின்தேக்கி மாற்றிய பின் ஈடுகொடுதிறன் மீண்டது' என்று பழுது பார்ப்பவரே சீட்டில் எழுதிக்கொடுக்கலாம்.

பழைய ரிசீவர்களில் ஏ, பி என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கருக்குச் சுவிட்ச் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலான ரிசீவர்களில் அவை பக்க இணைப்பில் சேர்ந்து, 8 ஓம் 4 ஓமாகும், மின்னிழுப்பு இரட்டிக்கும். சிலவற்றில் தொடர் இணைப்பு, அங்கே நிலைமை தலைகீழ். நம் சொற்பட்டியலில் எடுத்துக்காட்டு வாக்கியமாக இதையே போடலாம்.

'ஒலிபெருக்கி' என்ற சொல் ஸ்பீக்கருக்கா ஆம்ப்ளிஃபையருக்கா என்ற பழைய வழக்கை இந்த இழையில் கிளப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். திருவிழா மைக் செட் காலத்திலிருந்தே மக்கள் அதை ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆம்ப்ளிஃபையருக்கு 'மிகைப்பி' இருக்கிறது.

நான் அந்த ரிசீவரை இப்போது உணர்திறன் கூடிய, 6 ஓமுக்குக் கீழே இறங்காத பழைய பெட்டிகளோடு சேர்த்திருக்கிறேன். அதே ரெக்கார்ட், அதே தொப்பி அடி. ரிலே விழவில்லை.

மின்னிழுப்பு, ஈடுகொடுதிறன் இரண்டிலும் மாற்றுக் கருத்து இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன்பின் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து