வரி வழக்குகளும் சட்டம் கற்பித்தலும்: திருகோணமலையில் இருந்தபடி முடியுமா?

நிலாவெளி ஜூனியர்:
சட்டக் கல்லூரி இறுதிப் பரீட்சை முடித்துவிட்டு, திருமலையில் ஒரு சீனியரிடம் பயிலுநராக இருக்கிறேன். வரி வழக்குகளில் இறங்க விருப்பம், பிறகு கற்பிக்கவும் விருப்பம். இங்கே காணி வழக்கும் நீதவான் நீதிமன்ற வேலையும்தான் கூட. கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குப் போகாமல் இதில் காலூன்றலாமா? எதில் தொடங்குவது?

உட்துறைமுகம்:
தொடங்கலாம் தம்பி. வரி வழக்கின் அத்திவாரம் நீதிமன்றத்தில் போடப்படுவதில்லை, முதல் 30 நாளில் போடப்படுகிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, இவ்வளவு வரி கட்டு என்று இறைவரித் திணைக்களம் அனுப்பும் மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள், திணைக்களத்திடமே நிர்வாக மீளாய்வு கேட்க வேண்டும். 90 நாளில் முடிவு வராவிட்டால் காத்திராமலே வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாம். முடிவு வந்தால் அதிலிருந்து 30 நாள். ஆணைக்குழுவுக்குப் போகும்போது வைப்புப் பணமோ வங்கி உத்தரவாதமோ கட்ட வேண்டும். கட்சிக்காரரிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஒரு உதாரணம். உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துபவரின் வங்கிக் கூற்றைப் பார்த்து, வரவு வந்த தொகை முழுவதையும் விற்பனை என்று மதிப்பீட்டாளர் போட்டுவிடுவார். அதில் வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பிய காசும் இருக்கும், நகை அடகுப் பணமும் இருக்கும், ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதும் இருக்கும். “மதிப்பீடு மிகையானது” என்று ஒரு வரி எழுதினால் எதுவும் நடக்காது. திகதி, தொகை, எங்கிருந்து வந்தது, அதற்கான துண்டு என்று ஒவ்வொரு வரவுக்கும் அட்டவணை போடுங்கள். அறிவித்தல் வந்த தபால் உறையையும் எறியவிடாதீர்கள். நாள் கணக்கில் தகராறு வந்தால் உறையில் இருக்கும் முத்திரைதான் சாட்சி.

கறுப்புக் கோட்டு:
மேலே சொன்னது சரி. ஆனாலும் இரண்டு மூன்று வருடமாவது கொழும்பில் ஒரு வரிச் சீனியரிடம் நிற்க வேண்டும் என்பேன். மீளாய்விலும் ஆணைக்குழுவிலும் கணக்காளர்களும் தோன்றலாம். சட்டத்தரணிகளான நமக்கென்று தனியாக இருப்பது அதற்கு மேலே உள்ள படி. ஆணைக்குழுவின் தீர்ப்பிலிருந்து ஒரு மாதத்துக்குள் கேட்டு, சட்ட வினாக்களை மட்டும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புவிக்கும் ‘கேஸ் ஸ்டேட்டட்’. வினாவை வரையும் கைப்பழக்கம் புத்தகத்தில் வராது. சீனியர் உங்கள் வரைவை நாலு தரம் வெட்டினால்தான் வரும்.

விடயம் (அதாவது என்ன நடந்தது என்பது) பற்றிய முடிவைச் சட்ட வினாவாக வேடம் போட்டு அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கிற பிழை. ஈஸ்வர வழக்கைப் படியுங்கள் (அன்று நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில், 1965). பிள்ளைகளின் பாடசாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கக் காணி தேடிய தாய், பெரிய காணியாக வாங்கித் துண்டு துண்டாக விற்றார். அது வியாபார முயற்சிதான் என்று முதலில் கண்ட முடிவை மேலே அசைக்க முடியவில்லை. கீழே விடயங்கள் எப்படிப் பதிவாகினவோ அப்படித்தான் மேலேயும் நிற்கும்.

ஆசிரியை:
கற்பித்தலைப் பற்றி நான் சொல்கிறேன். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. வணிக மாணவர்களுக்கான வருகை விரிவுரைகளில் தொடங்கலாம். சட்ட பீடத்தில் நிரந்தரப் பதவி வேண்டுமானால் முதுமாணிப் பட்டமும் ஆய்வுக் கட்டுரைகளும் தேவை. அதை இப்போதே திட்டமிடுங்கள்.

பிரிவு இலக்கங்களை ஒப்புவிக்க வைக்காதீர்கள். பெயர் மறைத்த ஒரு மதிப்பீட்டு அறிவித்தலைக் கையில் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வருடத்துக்குரியது, காலம் கடந்துவிட்டதா, வரியிறுப்பாளர் கொடுத்த வருமான விவரத்திரட்டை நிராகரித்த காரணம் எழுதப்பட்டிருக்கிறதா? முதல் கேள்வியில் தவறினால் இரண்டாவதும் தவறும், ஏனென்றால் மதிப்பீடு செய்வதற்கு இருந்த 4 வருடக் காலத்தை 2021 திருத்தம் 30 மாதமாக்கியது. மூன்றாவதுக்கு பெர்னாண்டோ எதிர் இஸ்மாயில் (1982) தீர்ப்பைக் கொடுங்கள். காரணத்தை வரியிறுப்பாளருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது அதில்தான். தமிழில் பாடக்குறிப்பு குறைவு. நீங்கள் எழுதும் ஒவ்வொரு பக்கமும் இங்கே பயன்படும்.

நிலாவெளி ஜூனியர்:
மிக்க நன்றி அக்கா, அண்ணாமார். இன்னொன்று: வரி நிலுவைக்காக நீதவான் நீதிமன்ற அழைப்பாணையோடு வருபவருக்கு என்ன செய்யலாம்?

உட்துறைமுகம்:
அங்கே மதிப்பீடு சரியா பிழையா என்று நீதவான் பார்க்க மாட்டார், தண்டப்பணம் போல அறவிடுவார். அதனால் அந்த மேடையில் வரித்தொகையைப் பற்றி வாதாடி நேரம் போக்க வேண்டாம். மீளாய்வோ மேன்முறையீடோ நிலுவையில் இருக்கிறதா, முன்பு கட்டியது, திணைக்களம் நீதிமன்றத்துக்கு அனுப்பிய நிலுவைச் சான்றிதழில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அன்றைக்கே வரி கட்டிய பற்றுச்சீட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் தவணை முறையில் கட்ட அனுமதி கேளுங்கள்.